கபரஸ்தானில் ஒரு மெழுகுக்கட்டி

அம்மாவின் வயிற்றிலிருந்து எடுத்த கட்டியில் ஒரு துண்டை அப்பா கொண்டுபோய்ப் புதைத்துவிட்டார். சித்ரா பௌர்ணமியன்று மத்தியானம் பீரோவைக் குடைந்து, துணிமணிகளையெல்லாம் தரையில் இறைத்து, தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தின பிறகுதான் எனக்கு இந்தச் செய்தியே கிடைத்தது. அன்று சாயந்தரத்துக்குள் அந்தத் துண்டு என் சிநேகிதி சினேகாவின் கைக்குப் போயாக வேண்டும். இல்லையென்றால் எல்லாம் ஒரு மாதம் தள்ளிப்போகும். இன்னொரு மாதம் தாங்குகிற நிலையில் எங்கள் வீட்டில் யாருமே இல்லை.

நான் ஆஃப்ஷீன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், சந்தோஷமும் அதே வேகத்தில் வரும், இரண்டுக்கும் சத்தம் ஒன்றுதான் என்று என் வீட்டுக்காரர் அர்பாஸ் சொல்வார். அவர் சென்னையில் ஏசி மெக்கானிக், வாரக் கடைசியில் வருவார். நான் திருவண்ணாமலையில் அப்பாவின் மெத்தைக் கடையைப் பார்த்துக்கொள்கிறேன். இந்த ஊர் லாட்ஜில் நீங்கள் தங்கியிருந்தால் பெரும்பாலும் எங்கள் தலையணையில்தான் தலை வைத்திருப்பீர்கள். உறை தைப்பது என் அம்மா குர்ஷித் பேகம். பஞ்சு அடைப்பது அப்பா சர்தார். பேசச் சொன்னால் அவருக்கு வாயிலும் பஞ்சுதான்.

லாட்ஜ் மெத்தை அம்மாவுக்குப் பிழைப்பு. குழந்தை மெத்தைதான் அவளுக்கு உயிர். மஞ்சள் பூப்போட்ட துணி, இலவம்பஞ்சு, ஓரம் முழுக்கச் சுருக்கு வைத்து அவள் தைத்துக் கொடுத்தால் வாங்க வந்தவர்கள் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். அப்படிப்பட்டவள் ஜனவரியிலிருந்து அதைத் தொடவே இல்லை. யாராவது ஆர்டர் கொண்டுவந்தால், "வெளியில குடுத்துத் தெச்சுக்கோங்கம்மா" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஜனவரியில்தான் அம்மாவுக்குப் பெருங்குடலில் கட்டி என்று தெரிந்தது. அறுபத்துநாலு வயது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, அம்மாவும் தேறிவிட்டாள். ஆனால் எடுத்த கட்டியைச் சோதித்தபோது அதில் ஒரு புரதம் காணவில்லை என்று ரிப்போர்ட் வந்தது. அது ஏன் காணாமல் போனது என்பதில்தான் எங்கள் குடும்பத்தின் தூக்கம் போனது.

அதை எங்களுக்குப் புரியவைத்தவள் சினேகா. கீழ்பென்னாத்தூரில் கடலை பயிரிடும் தசரதன் மாமாவின் மகள். பள்ளிக்கூடத்தில் நானும் அவளும் ஒரே பெஞ்சு. நான் மெத்தைக்கு வந்தேன், அவள் மரபணுவுக்குப் போனாள். சென்னையில் கட்டிகளைச் சோதிக்கிற லேபில் வேலை. ஊருக்கு வந்திருந்தபோது ஒருநாள் கடையில் மெத்தை அடுக்கின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு அம்மாவுக்குச் சொன்னாள்.

"ஒரு செல்லு ரெண்டாகும்போது உள்ள இருக்குற டிஎன்ஏவை முழுசா காப்பி எடுக்கும் ஆன்ட்டி. அவ்ளோ பெரிய காப்பியில தப்பு வராம இருக்குமா? அதைத் தேடித் திருத்தறதுக்குன்னே உள்ள ஒரு செட்டு ஆளுங்க இருக்காங்க. நீங்க தெச்ச உறையை இவ புரட்டிப் பார்த்து, விட்டுப்போன தையலைக் காட்டறா இல்ல, அந்த வேலைதான். உங்க கட்டியில அந்தச் செட்டுல ஒரு ஆளு வரவே இல்ல. திருத்த ஆள் இல்லாம தப்பு மேல தப்பு சேர்ந்து, அது கேன்சர் ஆயிடுச்சு."

"ஏன் வரல?" என்றாள் அம்மா.

"அதான் இப்போ கேள்வி. ஒரு கடை மூடியிருக்குன்னு வெச்சுக்கோங்க. உள்ள இடிஞ்சு விழுந்ததால மூடியிருக்கலாம். இல்லன்னா கடை நல்லாவே இருக்கும், ஷட்டரை மட்டும் இழுத்துப் பூட்டியிருப்பாங்க. தெருவுல நின்னு பார்த்தா ரெண்டும் ஒண்ணுதான். அந்த ஆளை உண்டாக்குற ஜீன்தான் இங்க கடை. அது இடிஞ்சிருந்தா பொறக்கும்போதே வந்தது. உடம்பு பூரா அந்தக் கோளாறு இருக்கும், பாதிக்குப் பாதி புள்ளைங்களுக்கும் போகும். ஷட்டர்னா அப்படி இல்ல. வயசாகும்போது, அந்த ஒரு இடத்துல மட்டும், ஜீன் மேல ஒரு ரசாயனம் ஒட்டிக்கிட்டு அதை மூடிடும். எழுத்து ஒண்ணும் மாறாது. மெத்திலேஷன்னு சொல்வோம். அது புள்ளைங்களுக்குப் போகாது."

முதலில் அம்மாவின் ரத்தத்தைச் சோதித்தார்கள். அதில் அந்த ஜீனுடைய எழுத்துகளில் ஒன்று மாறியிருக்கிறது, ஆனால் அது கெடுதலா இல்லையா என்பது இப்போதைக்கு உலகத்தில் யாருக்கும் தெரியாது என்று முடிவு வந்தது. இவ்வளவு படித்தவர்கள் கூடி, தெரியாது என்று சொல்வதற்கு ஒரு மாதம் எடுத்துக்கொண்டார்களே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அம்மாவுக்கு ஆத்திரம் வரவில்லை. அவள் முடிவே செய்துவிட்டாள். அவளுடைய அம்மா, அதாவது என் நானி, சின்ன வயதிலேயே வயிற்று நோவில் போனவர். நானி கொடுத்தது தனக்கு வந்தது, தான் கொடுத்தது எனக்கு வந்திருக்கும். அவள் கணக்கு அவ்வளவுதான்.

எனக்கும் அர்பாஸுக்கும் கல்யாணமாகி இரண்டு வருடம். குழந்தைக்கு ஆசைப்பட்டுக்கொண்டிருந்தோம். ஒருநாள் அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "பேட்டா, நீ குழந்தை பெத்துக்காதே. இது என்னோட போகட்டும்" என்றாள். அந்த நோய் இருந்தாலும் ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொண்டு பிள்ளை பெற்றவர்கள் எத்தனையோ பேர் என்று டாக்டரே சொல்லியிருந்தார். நானும் சொன்னேன். அவள் காதில் அது ஏறவில்லை. தாயே பேரப்பிள்ளை வேண்டாம் என்று கெஞ்சினால் அந்த வீட்டில் எப்படிப் பிள்ளை பெற்றுக்கொள்வது? அன்றைக்கு நான் கடைக்குப் பின்னால் பஞ்சு மூட்டையில் முகத்தைப் புதைத்து அழுதேன்.

இனிமேல் பதில் சொல்ல வேண்டியது அந்தக் கட்டிதான். ஷட்டர் பூட்டியிருக்கிறதா என்று கட்டியிலேயே பார்த்துவிடலாம் என்றாள் சினேகா. அறுத்தெடுத்த சதையை மெழுகில் பதித்து, தீப்பெட்டியை விடச் சின்னதாக, ஒரு பிளாஸ்டிக் வில்லையின் மேல் கட்டியாக்கி ஆஸ்பத்திரி லேபில் வைத்திருப்பார்கள். பிளாக் என்று அதற்குப் பேர். மற்ற பிளாக்குகளெல்லாம் முந்தின சோதனைகளுக்குச் சீவிச் சீவித் தேய்ந்துபோய், நல்லபடியாக மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. கேட்டதும் கையில் கொடுத்துவிட்டார்கள். பிளாஸ்டிக் கவரில் போட்டு, ஏதோ நகைக்கடையில் வாங்கினதைப் போல நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்தேன்.

வந்ததும் சும்மா இருந்தேனா? அம்மா, அப்பா இரண்டு பேரையும் உட்காரவைத்து, வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, "பாருங்க, மெழுகுக்கு நடுவுல பழுப்பா தெரியுதா? அதுதான் அம்மாவோட சதை!" என்று பெரிய வித்தைக்காரி மாதிரி விளக்கினேன். அம்மா பார்க்க மாட்டேன் என்று கண்ணை மூடிக்கொண்டாள். அப்பா மட்டும் ரொம்ப நேரம் பார்த்தார். நான் அதைப் பீரோவில் பழைய பில் கட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். பௌர்ணமியன்று சாயந்தரம் சினேகா கீழ்பென்னாத்தூரிலிருந்து சென்னைக்கு பஸ் ஏறுகிறாள், அவளே கையோடு கொண்டுபோவாள், மாதம் ஒருமுறை மட்டும் நடத்தும் அந்தச் சோதனையை மறுநாள் தொடங்குகிறார்கள். எல்லாம் கச்சிதமாக இருந்தது, பீரோவைத் திறக்கும் வரைக்கும்.

"அப்பா, இங்க வெச்ச அம்மாவோட பிளாக் எங்க?"

அப்பா தலையணைக்குப் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தார். கை நின்றது. "அடக்கம் பண்ணிட்டேன்" என்றார்.

எங்கள் வீட்டு வழக்கத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். வெட்டின நகம், சீப்பில் வந்த முடி, விழுந்த பல் எதையும் குப்பையில் போட மாட்டோம். மனுஷ உடம்பில் இருந்தது மண்ணுக்குள்தான் போக வேண்டும். மற்றவர்கள் சோம்பல்பட்டு விட்டாலும் அப்பா விட மாட்டார். என் பால் பல் ஒவ்வொன்றையும் அவர்தான் கொண்டுபோய்ப் புதைத்தார். அப்படிப்பட்டவரிடம் போய், இதோ உங்கள் பெண்டாட்டியின் சதை என்று காட்டிவிட்டு அதைப் பழைய பில்லோடு வைத்தால் அவர் வேறு என்ன செய்வார்? ஆனால் அந்த நேரத்தில் இந்த நியாயமெல்லாம் எனக்குத் தோன்றவில்லை.

"அது டெஸ்டுக்குப்பா! என் வாழ்க்கையே அதுலதான் இருக்குன்னு கரடியா கத்தினேனே!"

"டெஸ்ட்டெல்லாம் முடிஞ்சு திருப்பிக் குடுத்துட்டாங்கன்னு நெனச்சேன்" என்றார் அப்பா. முகம் வெளுத்துவிட்டது. அடைத்துக்கொண்டிருந்த தலையணையைத் தூக்கி எறிந்துவிட்டு எழுந்தார். "கபரஸ்தான்ல இருக்கு. நானி பக்கத்துல. வா."

மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்த அம்மா உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னா சத்தம்?" என்றாள். "லாட்ஜ் ஆர்டர்மா!" என்று சொல்லிவிட்டு அப்பாவின் மொபெட்டில் பின்னால் ஏறினேன்.

கபரஸ்தான், எங்கள் அடக்க பூமி, செங்கம் ரோட்டுப் பக்கம். கிரிவலக் கூட்டம் அப்போதே தொடங்கிவிட்டிருந்தது. அப்பா சந்து சந்தாக வளைத்து, ஒரு இட்லிக் கடையின் பாத்திரங்களுக்கு நடுவில் கூட ஓட்டினார். இந்த மனுஷனுக்கு இவ்வளவு வேகம் வரும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. "பாத்துப்பா, பாத்துப்பா" என்று நான் கத்த, "நீ பேசாத, மூச்சு வாங்குது" என்றார். யாருக்கு மூச்சு வாங்கியது என்று தெரியவில்லை, ஒருவேளை வண்டிக்கு.

பெண்கள் எங்கள் கபரஸ்தானுக்குள் போகிற வழக்கமில்லை. அப்பா உள்ளே ஓடினார். நான் சுற்றுச்சுவர் ஓரம் வண்டியை ஸ்டாண்டு போட்டு, அதன் மேல் ஏறி நின்று எட்டிப் பார்த்தேன். அப்பா வேப்பமரத்தடியில் நானியின் கபருக்குப் பக்கத்தில் குனிந்து நின்று இப்படியும் அப்படியும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கையை விரித்தார்.

"ஒரு செங்கல் வெச்சிருந்தேன் அடையாளத்துக்கு. காணோம்!"

செங்கல்லைப் பொறுக்கி ஓரமாக அடுக்கியவர் அங்கேயே மண்வெட்டியோடு நின்றார். கபரஸ்தானைப் பார்த்துக்கொள்ளும் சைஃபுல்லா சாச்சா. "சுத்தம் பண்ணிக்கினு இருந்தேன் பாய். இன்னா விஷயம்?" என்றார். அப்பா சொல்ல ஆரம்பித்தால் பொழுது சாய்ந்து மக்ரிப் தொழுகை வந்துவிடும் என்று நானே சுவருக்கு மேலிருந்து எல்லாவற்றையும் கொட்டினேன். சாச்சா பொறுமையாகக் கேட்டுவிட்டு மண்வெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அதெல்லாம் முடியாதும்மா. மண்ணுக்குள்ள வெச்சதை வெளிய எடுக்கக் கூடாது. என் காலத்துல இங்க அப்படி நடந்ததே இல்ல."

"சாச்சா, அது மெழுகு சாச்சா!"

"உள்ள சதை இருக்குன்னு நீதானே சொன்னே?"

என் வாயே எனக்கு எதிராக நின்றது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்போது அப்பா ஒரு காரியம் செய்தார். போனை எடுத்து, பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்குப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். அப்பா இத்தனை வார்த்தைகளை ஒரே மூச்சில் பேசி நான் கேட்டதே இல்லை. கட்டி, திருத்துகிற ஆள், ஷட்டர், பேரப்பிள்ளை என்று ஒன்று விடாமல் சொன்னார். மெத்தை அடுக்கில் உட்கார்ந்து சினேகா சொன்னது அத்தனையும் பஞ்சு அடைத்துக்கொண்டே அவர் காதில் விழுந்திருக்கிறது.

ஹஜ்ரத் முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "சர்தார் பாய், அங்க இருக்குறது மய்யித் இல்ல. அந்தம்மா அல்லாஹ் கிருபையில வீட்டுல நல்லா இருக்காங்க. உயிரோட இருக்குறவங்க வைத்தியத்துக்கு வேணும்னா எடுங்க. பக்கத்துல இருக்குற கபரை மட்டும் தொட்டுடாதீங்க. சைஃபுல்லா, நீயும் ஒரு கை குடுப்பா."

சாச்சா மண்வெட்டியை நீட்டவில்லை, அவரே வெட்ட ஆரம்பித்தார். ஒரு இடத்தில் பார்த்தார்கள், இல்லை. வேருக்கு அந்தப் பக்கம் பார்த்தார்கள், இல்லை. "இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்! மரத்துகிட்ட! அது இல்ல சாச்சா, இடதுகைப் பக்கம்!" என்று நான் சுவருக்கு மேலிருந்து கிரிக்கெட் மேட்ச் பார்ப்பவள் போலக் கத்திக்கொண்டிருந்தேன். ரோட்டில் போன இரண்டு பக்தர்கள் நின்று என்னை வேடிக்கை பார்த்தார்கள். அப்பா மண்வெட்டியை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கையாலேயே மண்ணைத் தள்ளினார். பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"கிடைச்சுதா? அப்பா! கிடைச்சுதா?"

அவர் எழுந்து சுவரோரம் வந்தார். கையில் வெள்ளைத் துணிப் பொட்டலம். எங்கள் கடையின் நல்ல துணி, மடிப்புக் கலையாமல் கட்டியிருந்தது. பிரித்தேன். கவர், அதற்குள் மெழுகு, அதற்குள் அந்தப் பழுப்பு. ஓரத்தில் எழுதியிருந்த நம்பர் கூட அழியவில்லை. மரிக்கொழுந்து அத்தர் வாசனை குப்பென்று அடித்தது.

"அவ உடம்புல ஒரு துண்டு, பேட்டா" என்றார் அப்பா, மண் படிந்த கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "பழைய பில்லோட கெடந்துச்சு. எனக்கு மனசு ஒப்பல. அவங்கம்மா பக்கத்துல வெச்சா, அவங்க பார்த்துக்குவாங்கன்னு நெனச்சேன்."

எனக்கிருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. சுவருக்கு மேல் குனிந்து அவர் தலையில் கை வைத்தேன். மண்ணும் வியர்வையுமாக இருந்தது. அவர் என் கையைத் தட்டிவிட்டு, "நேரமாவுது, ஓடு" என்றார்.

ஓடுவதற்குத்தான் வழியில்லை. நாங்கள் வந்த சந்தைப் போலீஸ் மூடிவிட்டார்கள், மொபெட்டுக்கு வேலையில்லை. சென்னை பஸ் திண்டிவனம் ரோட்டுத் தற்காலிக ஸ்டாண்டிலிருந்து கிளம்பி கீழ்பென்னாத்தூரில் சினேகாவை ஏற்றிக்கொண்டு போகும். அந்த பஸ்ஸையே பிடித்துவிட்டால் போதும். ஆனால் நான் இருப்பது ஊருக்கு மேற்கே, பஸ் கிழக்கே. நடுவில் மொத்த ஜனமும் மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. அத்தனை பேருக்கும் எதிராக நான் ஒருத்தி, புர்கா முழுக்க மண், கையில் ஒரு வெள்ளைப் பொட்டலம்.

"அண்ணே, கொஞ்சம் வழி விடுங்க. அக்கா, கொஞ்சம்..."

"இன்னாமா நீ, எதிர்ல வர்றே? சாமியை இந்தப் பக்கமாத்தான் சுத்தணும்" என்றார் பட்டை போட்டிருந்த ஒரு பெரியவர்.

"நான் சுத்த வரலைங்க, பஸ்ஸுக்குப் போறேன். எங்கம்மாவுக்கு டெஸ்ட்டு, இதைக் குடுக்கணும்!"

அவர் ஒரு கணம் பொட்டலத்தைப் பார்த்தார். அப்புறம் திரும்பி நின்று, பெரிய குரலில், "ஆஸ்பத்திரிக்கு அவசரமாம்! அந்தம்மாவை விடுங்க, வழி விடுங்க!" என்று கத்தினார். அவருக்குப் பின்னால் வந்தவர் அதை வாங்கிக் கத்தினார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். எனக்கு முன்னால் ஒரு ஆள் போகிற அளவுக்குச் சந்து பிறந்துகொண்டே போனது. அழுகையும் சிரிப்புமாக ஓடினேன். அன்னதானப் பந்தலில் ஒரு அம்மா ஜில்லென்ற மோர் பாக்கெட் ஒன்றைக் கையில் திணித்தாள். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அப்போதுதான் எனக்குத் திடீரென்று உறைத்தது, மெழுகு உருகிவிட்டால்? மோரைக் குடிக்காமல் பொட்டலத்தோடு சேர்த்து வைத்து இறுக்கிக்கொண்டேன்.

ஸ்டாண்டுக்கு வந்தபோது சென்னை பஸ் நகர ஆரம்பித்துவிட்டது. ஊருக்குள் வரும் பஸ்கள்தான் பிதுங்கிக்கொண்டு வந்தன, போகிற பஸ் பாதிக் காலி. பக்கவாட்டில் படபடவென்று தட்டினேன். கண்டக்டர் விசில் அடித்தார். ஏறி உட்கார்ந்து, பக்கத்து சீட்டில் மோர் பாக்கெட்டை வைத்து இடம் பிடித்தேன். சினேகாவுக்குப் போன் போட்டு, "ஏறிட்டேன்டி!" என்றேன். "நான்தானேடி ஏறணும்?" என்றாள் அவள்.

கீழ்பென்னாத்தூரில் ஒரு பையும் ஒரு கூடை கடலையுமாக ஏறினாள். நான் பொட்டலத்தை நீட்டினேன். முகர்ந்து பார்த்தவள் மிரண்டுவிட்டாள். "என்னடி இது, பிளாக்கா, பிரசாதமா?" புதைத்ததையும் தோண்டினதையும் சொன்னேன். முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள், அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. மோர் விஷயத்தைக் கேட்டதும் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "லூசு, இது அம்பது டிகிரிக்கு மேல போனாத்தான் இளகும். நம்ம ஊரு வெயிலும் அவ்ளோ ஜாஸ்தி கிடையாது. மோரைக் குடி."

"மண்ணுக்குள்ள இருந்துச்சே, டெஸ்டுக்கு ஆகுமா?" என்றேன். இதைக் கேட்க அதுவரைக்கும் எனக்குத் தைரியம் வரவில்லை.

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். லேப்காரியின் பார்வை. "மெழுகுல எங்கயும் விரிசல் இல்ல. தண்ணி உள்ள போகல. உங்கப்பா மடிச்ச மடிப்பு அப்படிடி. ஆகும்" என்றாள். நான் மோரை ஒரே மூச்சில் குடித்தேன். கீழ்பென்னாத்தூரிலேயே இறங்க வேண்டியவள் பேசிப் பேசிச் செஞ்சியில்தான் இறங்கினேன்.

மூன்று வாரம் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். போன் அடித்தால் அப்பா பஞ்சைக் கீழே போடுவார், நான் அளவு நாடாவைக் கீழே போடுவேன். நடந்ததையெல்லாம் அதற்குள் அம்மாவிடம் சொல்லிவிட்டோம். "என்னை எனக்கு முன்னாலயே அடக்கம் பண்ணிட்டாரா?" என்று அவள் அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். ஜனவரிக்கு அப்புறம் அவள் சிரித்தது அன்றுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து அப்பா வந்து உட்கார்ந்த நேரத்தில் சினேகாவின் வீடியோ கால் வந்தது. நான் எடுப்பதற்குள் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"சொல்லும்மா. இடிஞ்சதா, பூட்டா?"

"பூட்டு, ஆன்ட்டி! ஷட்டர்தான்!" சினேகா கத்தினது கடைக்கு வெளியே கேட்டிருக்கும். "நல்லா அழுத்திப் பூட்டியிருக்கு. கட்டியில மட்டும். ரத்தத்துல பார்த்துட்டோம், அங்க பூட்டே இல்ல. டாக்டர்தான் உங்ககிட்ட சொல்லச் சொன்னார்."

"அந்த எழுத்து ஒண்ணு மாறியிருக்குன்னாங்களே?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குற மாதிரி தெரியல. நூத்துக்கு நூறுன்னு எங்க வேலையில எதையும் சொல்ல மாட்டோம். ஆனா இது வழிவழியா வர்றது இல்லன்னு டாக்டர் எழுதிக் குடுத்துட்டார். ஆஃப்ஷீன் நாப்பது வயசுல ஒரு தடவை குடலைச் செக் பண்ணிக்கட்டும், அது போதும். உங்களுக்கு உங்கம்மா குடுக்கல ஆன்ட்டி. நீங்களும் யாருக்கும் குடுக்கல."

நான் துள்ளிக் குதித்ததில் அடுக்கியிருந்த தலையணைகளெல்லாம் சரிந்து விழுந்தன. அப்பா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அம்மா மட்டும் போனைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். "இத்தனை நாளா மனசுக்குள்ள எங்கம்மாவைத் திட்டிக்கிட்டே இருந்தேன்" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

அப்பா துண்டை எடுத்துவிட்டுப் போனுக்குள் எட்டிப் பார்த்தார். "மீதி எப்பம்மா கிடைக்கும்? மறுபடி அடக்கம் பண்ணணும்."

"அங்கிள், அதை நாங்க பத்து வருஷம் வெச்சிருப்போம். தயவுசெஞ்சு மண்வெட்டியை எடுத்துடாதீங்க!"

"பத்து வருஷமா? சரி, வர்றேன்" என்றார் அப்பா. அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

நான் அர்பாஸுக்குப் போன் போட்டு, அவர் ஏதோ ஒரு மாடியில் ஏசிக்குள் தலையை விட்டுக்கொண்டு "இன்னா, இன்னா?" என்று கேட்க, பேச வராமல் திணறிக்கொண்டிருந்தபோது, பின்னால் தையல் மெஷினின் மேலிருந்த துணியை யாரோ உதறும் சத்தம் கேட்டது. திரும்பினேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தாள்.

"அந்த மஞ்சப் பூத்துணியை எங்கடி வெச்சே? இலவம்பஞ்சு மிச்சம் இருக்கா, இல்ல எல்லாத்தையும் லாட்ஜுக்கே அடைச்சுட்டாரா உங்கப்பா?"

"யாரோட ஆர்டர்மா?" என்றேன்.

"ஆர்டர் வரும்போது வரட்டும். மெத்தை தயாரா இருக்க வேணாமா?" என்று ஊசியில் நூலைக் கோத்தாள். அப்பா ஏற்கெனவே மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.